முகத்துவாரம் வெட்டினால் யாருக்கு நன்மை? மட்டக்களப்பு வாவியும் அதன் இரு கரைகளும்

கார்த்திகை மழை பிடித்துக்கொண்டதும் மட்டக்களப்புச் செய்திகளில் இரண்டு தலைப்புகள் தவறாமல் வரும். முதலில், முகத்துவாரத்தை, அதாவது வாவி கடலில் கலக்கும் வாயை அடைத்த மணல் திட்டை, உடனே வெட்டிவிடுமாறு விவசாயிகள் கோரிக்கை. சில நாட்களில், முகத்துவாரத்தை வெட்டியதால் தொழில் கெட்டது என்று மீனவர்கள் முறைப்பாடு. வெளியூரிலிருந்து படிப்பவருக்கு இது தலையும் புரியாது, வாலும் புரியாது. ஒரே தண்ணீர், ஒரே மணல் திட்டு. ஒருவர் வெட்டு என்கிறார், இன்னொருவர் ஏன் வெட்டினாய் என்கிறார். இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்பதால்தான் இந்த வழக்கு ஆண்டுதோறும் புதிதாகத் தொடங்குகிறது.

இதை விளங்கிக்கொள்ள வாவியின் தண்ணீர் கணக்கு மட்டும் போதாது. அதன் இரண்டு கரைகளிலும் யார் எப்படிக் குடியேறினார்கள், யாருடைய வயல் எங்கே, யாருடைய வீடு எங்கே என்பதும் தெரிய வேண்டும்.

முதலில் சில சொற்கள்

களப்பு: கடலோரத்தில் ஒரு மணல் திடல் குறுக்கே நின்று, ஓரிரு வாய்களால் மட்டும் கடலைத் தொடும் ஆழம் குறைந்த நீர்ப்பரப்பு. மழைக்காலத்தில் நன்னீர் மிகும், கோடையில் உப்பு ஏறும். மட்டக்களப்பு வாவி என்று நாம் சொல்வது உண்மையில் ஒரு களப்புதான். ஊரின் பெயரிலேயே அது இருக்கிறது. சேற்றுக் களப்பு என்று பொருள்படும் சிங்களப் பெயரோடு இதைச் சேர்த்துப் பார்ப்பவர்கள் உண்டு. தோணியில் வந்த முக்குவர் என்ற சமூகத்தார், களப்பின் எல்லை இதுதான் என்ற பொருளில் 'மட்டக்களப்பு' என்றார்கள் என்று பழங்கதை சொல்லும். கரையில் வாழ்கிறவர்களில் பலர் இந்த இரண்டையும் விட்டுவிட்டு, வெறுமனே 'ஆறு' என்பார்கள்.

முகத்துவாரம்: வாவி கடலோடு கலக்கும் வாய். இந்த வாவிக்கு அப்படி இரண்டு வாய்கள். ஒன்று நகருக்கு வடக்கே பாலமீன்மடுவில், 1913இல் கட்டிய வெளிச்சவீட்டுக்கு அருகே. மற்றது தெற்கே கல்லாற்றுப் பக்கம். நகரிலிருந்து முகத்துவாரத்துக்குப் போகும் வீதிக்குப் பார் வீதி என்று பெயர். புதிதாக வருகிறவர்கள் வேறு எதையோ நினைத்துச் சிரிப்பார்கள். ஆற்று வாயில் படியும் மணல் திட்டுக்கு ஆங்கிலத்தில் 'பார்' என்று பெயர். அந்தத் திட்டைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை முழுவதும்.

தாம்போதி: வெள்ளம் மேலே ஏறி ஓடட்டும் என்று தாழ்வாகவே போடப்பட்ட வீதி. பாதை: ஆட்களையும் சைக்கிள், மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றி மறுகரைக்குக் கொண்டுபோகும் தட்டையான மிதவை. 'பாதை ஓடவில்லை' என்று மண்டூரில் ஒருவர் சொன்னால் வீதி உடைந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மிதவை நிறுத்தப்பட்டிருக்கிறது.

வாவியின் நீளம் ஏறத்தாழ 56 கிலோமீற்றர். வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை, கடற்கரைக்குச் சமாந்தரமாக, நீண்டு மெலிந்து கிடக்கிறது. 1961இல் அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிந்ததால் ஒரே வாவி இன்று இரண்டு மாவட்ட நிர்வாகங்களில் அகப்பட்டிருக்கிறது. தண்ணீருக்கு அந்த எல்லை தெரியாது.

வாய் ஏன் மூடிக்கொள்கிறது?

1. கடல் ஓயாமல் மணலைக் கரையோரமாக நகர்த்திக்கொண்டே இருக்கிறது. வழியில் ஒரு திறப்பு அகப்பட்டால் அதில் மணல் படியும்.

2. அந்த மணலைத் தள்ளிவிட உள்ளேயிருந்து தண்ணீர் வேகமாக வர வேண்டும். மட்டக்களப்பில் ஆண்டு மழையின் பெரும்பங்கு ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் கொட்டித் தீர்ந்துவிடும். மாரி ஓய்ந்ததும் ஆறுகள் மெலிந்துபோகும், தள்ளுவதற்கு வலு இருக்காது.

3. உலகின் வேறு பல கரைகளில் கடலின் ஏற்ற இறக்கமே நாளுக்கு இரண்டு முறை வாயைக் கழுவித் திறந்து வைத்திருக்கும். இலங்கையைச் சுற்றி அந்த ஏற்ற இறக்கம் ஒரு மீற்றரும் இல்லை. அதனால் இங்கே கடல் அந்த உதவியைச் செய்வதில்லை.

ஆக, வெயில் காலத்தில் மணல் வெல்லும். மழை தொடங்கியதும் உன்னிச்சை, நவகிரி போன்ற குளங்களின் மேலதிக நீரும், வயல்களின் வடிகால் நீரும், காட்டாறுகளும் வாவிக்குள் இறங்கும். தெற்கே கல்லோயாத் திட்டம் 1949இல் தொடங்கிய பிறகு, அந்தப் பாசன நிலங்களின் வடிகால் நீரும் வாவியின் தென்பகுதியில் சேர்ந்தது. உள்ளே வரும் வழிகள் பல, வெளியேறும் வாய்கள் இரண்டு. நீர்மட்டம் ஏறுகிறது.

இனி வெட்டும் நாளைப் பார்ப்போம். பெக்கோ இயந்திரம் திட்டின் குறுக்கே ஒடுக்கமாக ஒரு வாய்க்கால் தோண்டும். கடைசி மண் துண்டை மட்டும் இறுதிவரை விட்டு வைப்பார்கள். அதையும் அள்ளி எடுத்ததும் முதலில் வருவது ஏமாற்றம்தான்: வயல் வரம்பில் விட்ட மடை போல மெல்லிய பழுப்பு நீர், மணலில் தயங்கித் தயங்கி நடக்கும். சற்று நேரத்தில் ஓரங்கள் பாளம் பாளமாகச் சரியத் தொடங்கும். 'தொப்' என்று ஒரு பாளம் விழுந்து கரைவதற்குள் அடுத்தது விழும். இயந்திரக்காரர் பின்வாங்கிவிடுவார், வேடிக்கை பார்ப்பவர்களும் பின்வாங்க வேண்டும். சில மணி நேரத்தில் வாய்க்கால் ஆறாகிவிடும், கடலின் நீலத்தில் ஒரு பழுப்பு நாக்கு நீண்டு தெரியும்.

இயந்திரம் செய்வது தொடக்கம் மட்டும். மீதியை வாவி தானே வெட்டிக்கொள்கிறது. அதற்கு வாவியின் நீர்மட்டம் கடலைவிடப் போதிய அளவு உயர்ந்திருக்க வேண்டும். உயரம் போதாத நேரத்தில் வெட்டினால் அலை இரண்டொரு நாளில் மணலைத் திருப்பிப் போட்டுவிடும். 'மழைக்கு முன்பே வெட்டி வைத்தால் என்ன?' என்ற கேள்விக்கு விடை இதுதான்.

எழுவான்கரை, படுவான்கரை

சூரியன் எழும் பக்கத்துக் கரை எழுவான்கரை. அது படும், அதாவது மறையும் பக்கத்துக் கரை படுவான்கரை. பெயர் வைத்தவர் வாவியின் நடுவில் தோணியில் இருந்துகொண்டு வைத்திருக்க வேண்டும். வேறெங்கும் நின்று பார்த்தால் இந்த இரண்டு பெயர்களும் இவ்வளவு கச்சிதமாக விழாது.

எழுவான்கரை என்பது கடலுக்கும் வாவிக்கும் நடுவே நீளும் மணல் நிலம். தென்னை, கிணறு, நெருக்கமான வீடுகள். கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, கல்லாறு என்று தமிழ் ஊர்களும் முஸ்லிம் ஊர்களும் மாறிமாறி வரும். பஸ்ஸில் போகிறவருக்கு ஓர் ஊர் முடிவதும் அடுத்தது தொடங்குவதும் கோயில் கோபுரத்தையும் பள்ளிவாசல் மினாராவையும் வைத்துத்தான் தெரியும்.

படுவான்கரை களிமண் பூமி. நெல், மாடு, குளம். எருமைத் தயிர் அங்கிருந்துதான் வருகிறது. எழுவான்கரையில் வீடும் படுவான்கரையில் வயலும் வைத்திருக்கும் குடும்பங்கள் ஏராளம். உடைமைக்காரர் போடியார், அவருக்காக வயலில் நின்று பாடுபடுகிறவர் முல்லைக்காரர், பாய்ச்சலையும் மடையையும் கவனிப்பவர் வட்டவிதானை, காவலுக்கு வயலில் போடும் குடில் வாடி. இங்கே 'வேளாண்மை' என்றால் விவசாயம் என்ற பொதுப்பொருளைவிட, வயலில் நிற்கும் நெற்பயிரைத்தான் முதலில் குறிக்கும். 'வேளாண்மை தாண்டு போயிற்று' என்று செய்தியில் வந்தால், ஒரு தொழில் நலிந்தது என்று பொருள் கொள்ளாதீர்கள். விதைத்த பயிர் தண்ணீருக்குள் போய்விட்டது.

கதைகள் சொல்லும் குடியேற்றம்

வாவிக்கரை ஊர்ப்பெயர்கள் ஒரு போரின் வழித்தடம் போல அடுக்கப்பட்டிருக்கின்றன. கதை இது: வாவியில் மீன்பிடித்துவந்த திமிலருக்கும் முக்குவருக்கும் சண்டை மூண்டது. முக்குவர் பட்டாணியரின், அதாவது முஸ்லிம் வணிகர்களின், துணையைப் பெற்றுத் திமிலரை வடக்கு நோக்கித் துரத்தினார்கள். பகைவரை மடக்கிய இடம் சத்துருக்கொண்டான். துரத்தியவர்கள் திரும்பி வந்து ஆறிய மூலை வந்தாறுமூலை. திமிலர் மீண்டும் வராதபடி முஸ்லிம்களைக் காவலாகக் குடியமர்த்திய ஊர் ஏறாவூர். உதவிக்கு நன்றியாக நிலமும் கொடுத்து, பெண்ணும் கொடுத்தார்கள். தோற்றவர்களின் பெயர் திமிலைத்தீவில் மட்டும் எஞ்சியது.

சொற்பிறப்பு ஆராய்ச்சிக்கு இந்தக் கதை நிற்காது. ஊர்ப்பெயர் முதலில் இருந்து, கதை பிறகு அதற்குப் பொருத்தப்பட்டிருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனாலும் இதை ஒதுக்கிவிட முடியாது. இரு சமூகத்தாரும் இந்த வாவிக்கரையில் எப்படி அயலவர் ஆனார்கள் என்பதற்கு இரு தரப்பும் ஒப்புக்கொண்ட விளக்கமாக இது நெடுங்காலம் இருந்திருக்கிறது. 1990 ஆகஸ்ட்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும், அடுத்த மாதம் சத்துருக்கொண்டானிலும் நடந்த படுகொலைகளுக்குப் பிறகு, அதை முன்போல் இலகுவாகச் சொல்லிவிட முடிவதில்லை.

கதையில் வரும் 'பெண் கொடுத்தார்கள்' என்ற வரிக்கு இன்றும் சான்று இருக்கிறது. வாவிக்கரையின் தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழியாகவே 'குடி', அதாவது குலம், எண்ணுகிறார்கள். பிள்ளை தாயின் குடி, தந்தையின் குடியில் சேராது. கோயிலில் வண்ணக்கர் பதவியும் திருவிழா முறையும், பள்ளிவாசலில் மரைக்காயர் பதவியும் குடிகளுக்கு என்று வகுக்கப்பட்டவை. வீடு மகளுக்குப் போகும், மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார்.

மட்டக்களப்புக்குப் போனவனைப் பாயோடு ஒட்டிவிடுவார்கள் என்று யாழ்ப்பாணத்தில் ஒரு பழைய பேச்சு உண்டு. மந்திரம், வசியம் என்று அதற்குப் பயம் கலந்த விளக்கமும் உண்டு. வந்த இடத்தில் திருமணம் செய்தவர் மனைவியின் வீட்டிலேயே தங்கிவிடுவது இங்கே வழக்கமாயிருக்க, மந்திரத்துக்கு என்ன வேலை? பாய் மட்டும் உண்மை. தாழ்ந்த சதுப்பு நிலத்தில் முளைக்கும் பன் என்ற கோரைப் புல்லை வெட்டி, காயவைத்து, சாயமேற்றி இழைக்கிற பன்பாய் இந்தப் பகுதிப் பெண்களின் கைத்தொழில்.

படுவான்கரைக்குத் தனிப் பெருமை தருவது கொக்கட்டிச்சோலை தான்தோன்றீஸ்வரர் கோயில். ஒரு வேடன் கொக்கட்டி மரத்தை வெட்ட, இரத்தம் பெருகி, இலிங்கம் வெளிப்பட்டது என்பது தலபுராணம். கோயிலை இடிக்க வந்த போர்த்துக்கேயத் தளபதி, கல் நந்தியைக் காட்டி 'இது புல் தின்னுமா?' என்று கேட்க, நந்தி எழுந்து புல்லைத் தின்று சாணமும் இட்டது என்பது அடுத்த கதை. சாணம் வரை சொல்லி முடித்தால்தான் ஊரில் அந்தக் கதை முடிந்ததாகக் கொள்வார்கள். மழை பொய்க்காமலும் நோய் அண்டாமலும் இருக்க, வைகாசியில் கண்ணகி அம்மனுக்குக் குளிர்த்திச் சடங்கு நடப்பது இரு கரைக்கும் பொது.

எழுதப்பட்ட வரலாற்றிலும் வாவியின் ஆழமின்மை குறுக்கே வருகிறது. ஒல்லாந்தத் தளபதி ஸ்பில்பேர்கன் 1602இல் வந்தபோது கப்பலைக் கடலில்தான் நங்கூரமிட முடிந்தது. போர்த்துக்கேயர் 1628இல், இன்றைய நகரின் மையமான புளியந்தீவில் வாவி நீரை ஒட்டிக் கோட்டை கட்டினார்கள். பெருங்கப்பல் எதுவும் உள்ளே வந்து அதைச் சுட முடியாது. ஆனாலும் பத்தே ஆண்டில், 1638இல், கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனோடு சேர்ந்து ஒல்லாந்தர் அதைப் பிடித்துவிட்டார்கள். போர்த்துக்கேய வேர்கொண்ட மொழியின் எச்சம் ஐரோப்பிய வழிவந்த மட்டக்களப்புப் பறங்கியர் வீடுகள் சிலவற்றில் இன்றும் பேசப்படுகிறது.

வெட்டச் சொல்வது யார், வேண்டாம் என்பது யார்?

1. படுவான்கரை விவசாயி: பெரும்போகப் பயிர், அதாவது மாரி மழையை நம்பி விதைக்கும் நெல், இளம்பருவத்தில் இருக்கும்போதுதான் வெள்ளம் வரும். பயிர் சில நாள் முழுகிக் கிடந்தாலே அழுகத் தொடங்கும். அவருக்கு ஒவ்வொரு நாளும் கணக்கு. ஆனால் வெட்டிய வாய் நெடுநாள் திறந்தே கிடந்து மழையும் நின்றுவிட்டால், உப்புநீர் உள்ளே ஏறித் தாழ்ந்த வயல்களைக் கெடுக்கும். அப்போது அவரே எதிர்ப்பக்கம் நிற்பார்.

2. வாவி மீனவர்: இறாலும் பல மீன்களும் கடலில் பிறந்து, குஞ்சுப் பருவத்தில் வாய் வழியாக வாவிக்குள் வந்து வளர்கின்றன. ஆகவே வாய் திறப்பது அவருக்கும் வேண்டும். அவர் பயப்படுவது திடீர்த் திறப்புக்கு. நீர் ஒரேயடியாக வடிந்தால் வளர்ந்த மீனும் இறாலும் கடலுக்கு அள்ளுண்டு போகும். வீச்சுவலையோடு இடுப்பளவு நீரில் நின்று தொழில் செய்கிறவர் மறுநாள் சேற்றில் நிற்பார்.

3. தாழ்ந்த கரையில் குடியிருப்பவர்: வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. அவருக்கு இந்த விவாதமே எரிச்சல்.

4. வாவியின் தென்கோடி ஊர்கள்: கல்முனையையும் நாவிதன்வெளிப் பக்கத்தையும் இணைக்கும் கிட்டங்கித் தாம்போதியில் தண்ணீர் ஏறினால் பள்ளிப் பிள்ளைகளும் உத்தியோகத்தரும் அகப்பட்டுவிடுவார்கள். ஆற்றுவாழை என்ற மிதக்கும் நீர்க்களை வந்து அடைத்தால் நிலைமை இன்னும் மோசம். பாலமீன்மடுவில் வாய் திறந்தாலும் அத்தனை தூரத்து நீர் உடனே வடியாது. வாவி ஆழமற்றது, நீளமானது. இதனால்தான் 'வடக்கே வெட்டியாயிற்று, தெற்கே ஏன் வடியவில்லை?' என்ற கேள்வி எழுகிறது. தென்பகுதிக்குக் கல்லாற்று வாய் திறப்பதே பலன்.

முடிவெடுப்பது மாவட்ட நிர்வாகத் தலைவரான அரசாங்க அதிபரின் தலைமையில், நீர்ப்பாசன, விவசாய, மீன்பிடித் தரப்புகள் கூடிப் பேசி. வெட்டலாமா என்ற கேள்விக்கு அங்கே அதிக நேரம் போவதில்லை. எந்த நாள், நீர்மட்டம் எவ்வளவு உயர்ந்த பிறகு என்பதில்தான் சண்டை. என் பார்வையில், அளவுகோலில் இந்த மட்டம் வந்தால் வெட்டுவது என்று மழைக்கு முன்பே எல்லோரும் ஒப்புக்கொண்டு, அதைத் துறைகளில் எழுதி ஒட்டிவைத்தால் பாதிச் சண்டை குறையும். முறைப்பாட்டில் பெரும்பகுதி வெட்டியதைப் பற்றியதாக இல்லை. தெரியாமல் வெட்டியதைப் பற்றியது.

துறை, பாலம், நடுவில் போர்

இரு கரையையும் சேர்த்தவை துறைகள். மண்முனை, அம்பிளாந்துறை, குருமண்வெளி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பாதை. மண்டூர் முருகன் திருவிழாவுக்கு எழுவான்கரைச் சனம் குருமண்வெளித் துறையில் நின்று பாதை ஏறித்தான் போகும். நகரைக் கல்லடியோடு இணைத்த இரும்புப் பாலம் 1924இல் வந்தது. அதன் பக்கத்திலேயே புதிய பாலம் 2013இல் திறக்கப்பட்டது. பழையதில் இப்போது மாலையில் காற்று வாங்குகிறவர்களும் தூண்டில் போடுகிறவர்களும்.

போர்க்காலத்தில் இந்த வாவி ஓர் எல்லைக்கோடாக இருந்தது. எழுவான்கரை அரச கட்டுப்பாட்டில், படுவான்கரையின் பெரும்பகுதி 2007 வரை விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில். துறை சோதனைச் சாவடியாயிற்று. வயலுக்குப் போக அனுமதி, உரம் கொண்டுபோகக் கணக்கு. 1987 ஜனவரியிலும் 1991 ஜூனிலும் கொக்கட்டிச்சோலைப் பகுதியில் பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். முதலாவது சம்பவத்தின் இடம் வாவிக்கரை இறால் பண்ணை ஒன்று. 2004 டிசம்பர் 26இல் மணல் திடல் மீது கடலே ஏறிவந்தது. முகத்துவாரத்தை ஒட்டிய நாவலடி, கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஒதுங்க இடமின்றி அழிந்தது. ஜப்பானிய உதவியோடு மண்முனைப் பாலம் 2014இல் திறந்த பிறகுதான் கொக்கட்டிச்சோலைக்காரர் இரவில் ஒரு நோயாளியை நகருக்குக் கொண்டுவரப் பாதைக்குக் காத்திருக்கும் நிலை மாறியது.

மீன் பாடுகிறதா?

'மீன்பாடும் தேன்நாடு' என்ற பெயருக்குக் காரணமான ஒலியை, குடியேற்றவாத அரசின் செயலாளராயிருந்த எமர்சன் டெனன்ட் 1848இல் மட்டக்களப்புக் கோட்டைக்கு அருகே படகில் இருந்து கேட்டு, பின்னர் எழுதினார். ஈரவிரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தால் எழும் நாதம் போல, ஒன்றோடொன்று கலவாத பல மெல்லிய ஒலிகள் என்றார். இதில் பலர் கவனிக்காத செய்தி ஒன்று உண்டு. அவரிடம் பேசிய மீனவர்கள் மீனைச் சொல்லவில்லை. அழும் ஊரி என்ற பொருளில் ஒரு பெயர் சொல்லி, சேற்றில் கிடக்கும் ஊரியை எடுத்துக் காட்டினார்கள். ஊரி என்பது சிறு நத்தை வகை. பாடுவது ஊரியா, மீனா, பாறை இடுக்கில் புகுந்து வரும் நீரா என்பது இன்றுவரை தீராத வழக்கு. காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் அதை நீரர மகளிரின், அதாவது நீரில் வாழும் தேவமகளிரின், பாடலாகவே கற்பனை செய்து கவிதை எழுதினார். பழந்தமிழ் யாழைத் தேடி ஆராய்ந்தவருக்கு அது பொருத்தமான கற்பனை.

ஒலி கேட்பதற்கு நிபந்தனைகள் இருக்கின்றன. வெள்ளம் ஓடும் மாரியில் கேட்காது. ஏப்ரலுக்கும் செப்டெம்பருக்கும் இடையில், வாய்கள் மணலேறி நீர் அசைவற்றுக் கிடக்கும் மாதங்களில், காற்றில்லாத நிலவு இரவுகளில் கேட்கலாம். நீருக்குள் ஒலி காற்றில் போவதைவிட நான்கு மடங்குக்கும் மேலான வேகத்தில் பயணிக்கும். ஆனால் நீரிலிருந்து காற்றுக்கு வரும்போது பெரும்பகுதி மேற்பரப்பிலேயே திரும்பிவிடும். அதனால் பாலத்தில் நின்று காதைத் தீட்டுவதில் பயன் குறைவு. படகுக்காரர் இயந்திரத்தை நிறுத்துவார். துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் இறக்கி, மறுமுனையை உங்கள் காதில் வைக்கச் சொல்வார். மரம் ஒலியை நேராகக் கொண்டுவரும். கொஞ்ச நேரம் எதுவும் இருக்காது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒருவர் 'கேட்கிறது' என்பார். பக்கத்தில் இருப்பவர் அதற்குள் துடுப்புக்குக் கை நீட்டியிருப்பார்.